நாலு கோணி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட முதல் ரிவ்யூவுல பேனல்ல இருந்த மேடம் எங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இந்தப் போட்டோவுல 212 பறவைன்னு உங்க மாடல் சொல்லுது. உண்மையில எத்தனைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். யாருக்கும் தெரியாது.

ப்ராஜெக்ட் இதுதான். ஏரியில உட்கார்ந்திருக்கிற பறவைக் கூட்டத்தைப் போட்டோ எடுத்து, யோலோ மாடலை வச்சு எத்தனை பறவை இருக்குன்னு எண்ணணும். டேட்டாசெட் நெட்ல இருந்து இறக்கினது. அதுல இருந்ததெல்லாம் வேற நாட்டு ஏரி, வேற நாட்டு வெளிச்சம். நம்ம ஊர் ஏரியில தாமரை இலை, நாணல், கருவேல முள், எருமை எல்லாம் இருக்கும். எருமை முதுகுல கொக்கு இருக்கும். மாடலுக்கு அது எதுவும் தெரியாது. "கிரவுண்ட் ட்ரூத் எடுத்துட்டு வாங்க"ன்னு மேடம் சொல்லிட்டாங்க. அதாவது நேர்ல போய், கண்ணால பாத்து, கையால எண்ணிட்டு வரணும்.

அதுக்காகத்தான் போன ஜனவரி 16, காணும் பொங்கல் அன்னைக்கு, பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு ஏரிக்குப் போனேன். (ஒன்னாங்கிளாஸ்ல இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்ளோ நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டவும்.)

எங்க ஊர் பனித்திட்டு. பாகூர் கொம்யூன்ல கடலோரமா இருக்கிற மீனவ கிராமம். பெரியப்பா அறுபது வயசு வரைக்கும் கடலுக்குப் போனவர். இப்ப வலை சரி பண்றதோட சரி. பொங்கலுக்கு யாரும் போட் எடுக்க மாட்டாங்க, அதனால அவரும் சும்மாதான் இருந்தார். அதோட ஜனவரி 14ல இருந்து 17 வரைக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015ல இருந்து வருஷா வருஷம் தமிழ்நாட்டுலயும் புதுச்சேரியிலயும் நடக்குது. ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு, பாத்த பறவையை எல்லாம் எண்ணி, இ-பேர்ட்ல ஏத்தணும். யார் வேணாலும் செய்யலாம். ப்ராஜெக்ட் வேலையும் ஆச்சு, கணக்கெடுப்பும் ஆச்சுன்னு நினைச்சேன்.

முதல்ல நான் ஊசுட்டேரிக்குப் போகலாம்னுதான் சொன்னேன். புதுச்சேரியிலயே பெரிய ஏரி அது. வில்லியனூர் பக்கம் இருக்கு. பாதி நம்ம பக்கம், பாதி தமிழ்நாட்டுப் பக்கம். 2008ல புதுச்சேரி அரசு நம்ம பக்கத்தை சரணாலயமா அறிவிச்சுது. போர்டு, பறவைப் படம், வாட்ச்சர் எல்லாம் இருக்கும், பாக்க வசதி. பெரியப்பா உடனே, "அங்க வேணாம் பாப்பா. பாகூர் ஏரிக்குப் போலாம்"னார்.

"ஏன் பெரியப்பா?"

"கிட்டக்க இருக்கு."

கிட்டக்க இருக்கிறது உண்மைதான். அதனால நானும் அதுக்கு மேல கேக்கல.

காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். பெரியம்மா சாவிக்கொத்தை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, பெரியப்பாவுக்குக் குரங்குக் குல்லா எடுத்துக் குடுத்தாங்க. காலேஜ் நேச்சர் கிளப்ல இருந்து இரவல் வாங்கின பைனாகுலர் என் கழுத்துல. ஃபிரண்டோட கேமரா பையில. என் ஸ்கூட்டி பின்னாடி பெரியப்பா. கிருமாம்பாக்கம் வந்து, கடலூர் ரோட்டைப் பிடிச்சு, கன்னியக்கோயில்ல திரும்பி பாகூர். ஊர் பேர்ல மட்டும் இல்ல, அன்னைக்கு ரோடு முழுக்கப் பனி. ஹெட்லைட் வெளிச்சத்துக்கு முன்னாடி பத்தடிதான் தெரிஞ்சுது.

பாகூரைப் புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு சொல்வாங்க. அதுக்குக் காரணம் இந்த ஏரிதான். ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையாத்துல சொர்ணாவூர் அணைக்கட்டுல இருந்து பங்காரு வாய்க்கால் வழியா இதுக்குத் தண்ணி வருது. இன்னொரு விஷயம். பாகூர்ல கிடைச்ச பல்லவர் காலத்துச் செப்பேடு ஒண்ணு, இங்க இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு நிருபதுங்கவர்மன் காலத்துல மூணு ஊரை தானமா குடுத்ததைச் சொல்லுது. 9ஆம் நூற்றாண்டு. அதாவது நம்ம காலேஜுக்கெல்லாம் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னாடியே இங்க ஒரு காலேஜ் இருந்திருக்கு.

இந்த வருஷம் ஏரி தளும்பத் தளும்ப இருந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். நவம்பர் 30, 2024 ராத்திரி ஃபெஞ்சல் புயல். ஒரே நாள்ல புதுச்சேரியில ஏறக்குறைய அரை மீட்டர் மழை. அது வடியறதுக்குள்ள டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர் அணையில இருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணியைத் திறந்து விட்டாங்க. தென்பெண்ணை கரை தாண்டி பாகூர் பக்கத்துக் கிராமமெல்லாம் மூழ்கிப் போச்சு. ஒன்றரை மாசம் கழிச்சும் வயல்ல சாஞ்ச நெல்லு அப்படியே கிடந்தது. மனுஷனுக்கு அவ்வளவு கஷ்டம் குடுத்த அதே தண்ணிதான் பறவைக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தது.

கரைமேல வண்டியை நிறுத்தினப்ப ஒண்ணும் தெரியல. வெள்ளையா பனி, அதுக்குள்ள இருந்து சத்தம் மட்டும். நான் போன்ல மெர்லின் ஆப்பை ஆன் பண்ணிப் பிடிச்சேன். அது ஒண்ணொண்ணா பேர் காட்ட ஆரம்பிக்கிறதுக்குள்ள பெரியப்பா குல்லாவைக் காதுக்கு மேல தூக்கி விட்டுக்கிட்டு சொன்னார். "நாமக்கோழி. அந்தப் பக்கம் தாழைக்கோழி. அதோ விசிலு அடிச்சிகினு போவுதே, சீழ்க்கைச் சிறவி. இன்னும் உள்ள தள்ளி வேற சிறவி இருக்கு. நெறைய இருக்கு."

எங்க ஊர்ல சின்ன வாத்து எல்லாமே சிறவிதான். புஸ்தகத்துல சிறகின்னு போட்டிருக்கும்.

ஆறரை மணிக்குச் சூரியன் மேல வந்தது. பனி கொஞ்சம் கொஞ்சமா தண்ணியை விட்டு எழும்பிச்சு. முதல்ல தெரிஞ்சது கூழைக்கடா. ஏழு கூழைக்கடா வரிசையா நீந்திக்கிட்டு வந்து, ஒரே நேரத்துல அலகைத் தண்ணிக்குள்ள விட்டுச்சு. மீனை ஒரு பக்கமா ஓட்டிக்கிட்டுப் போய் மொத்தமா அள்ளுது. "கரைவலை இழுக்கிற மாதிரியே இருக்கு பாரு"ன்னார் பெரியப்பா. அப்புறம் நத்தை குத்தி நாரை. அதோட அலகு மூடினாலும் நடுவுல இடைவெளி இருக்கும், அதை வச்சுத்தான் நத்தையைப் பிடிக்குது. அப்புறம் அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், தாமரை இலைமேல நடக்கிற இலைக்கோழி. முக்குளிப்பான் மட்டும் என் கேமராவுக்குச் சிக்கவே இல்ல. ஃபோகஸ் பண்றதுக்குள்ள முங்கிடும், வேற எங்கயோ எழும்பும். பக்கத்து வயல்ல டிராக்டர் ஓட்டினப்ப உண்ணிக்கொக்கு நூறுக்கு மேல வந்து அதுக்குப் பின்னாடியே நடந்துச்சு.

எட்டு மணிவாக்குல ஒரு சேற்றுப் பூனைப்பருந்து நாணலுக்கு மேல தாழ்வா பறந்து வந்தது. அவ்வளவுதான், தண்ணி மொத்தமும் வெடிச்ச மாதிரி ஆச்சு. உள்ள தள்ளி இருந்த சிறவிக் கூட்டம் அப்படியே எழும்பி, ஒரு வட்டம் போட்டு, மறுபடி எங்களுக்குக் கிட்டக்க வந்து உட்கார்ந்தது. பைனாகுலர்ல பாத்தேன். ஆண் பறவைக்குக் கண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு வில்லு மாதிரி கோடு. நீலச்சிறகி. இங்கிலீஷ்ல கார்கனி. ஐரோப்பாவுல இருந்து சைபீரியா வரைக்கும் எங்கெங்கயோ குஞ்சு பொரிச்சிட்டு, குளிர்காலம் முழுக்க நம்ம பக்கம் வந்து தங்குற வாத்து. எடை ஒரு அரைக்கிலோ கூடத் தேறாது. அதை வச்சுக்கிட்டு சில ஆயிரம் கிலோமீட்டர் வருது.

படபடன்னு போட்டோ எடுத்தேன். "பெரியப்பா, எத்தனை இருக்கும்?"னு சும்மாதான் கேட்டேன்.

கண்ணைச் சுருக்கி ஒரே ஒரு தடவை பாத்தார். "நாலு கோணி."

"என்னது?"

"நாலு கோணி வரும். கொஞ்சம் கூடவே வரும்."

எனக்குப் புரியல. கோணிக்கு எத்தனைன்னு கேட்டேன். "நாப்பது புடிக்கும்"னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டார். ஏதோ கடல்கணக்கு போலன்னு விட்டுட்டேன். நோட்டுல 160ன்னு எழுதிக்கிட்டேன். பக்கத்துல பெரியப்பான்னு எழுதினேன்.

இப்ப யோசிச்சா அன்னைக்குக் காலையில இருந்தே அவர் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கார், எனக்குத்தான் காது கேக்கல. நாமக்கோழியைக் காட்டி, "இது சேத்து நாத்தம் அடிக்கும். தோலை உரிச்சாத்தான் வாயில வைக்க முடியும்"னார். ஊசிவால் வாத்து நாலஞ்சு இருந்தது, அதைப் பாத்து "இது கெடைச்சா அன்னைக்கு யோகம்"னார். நான் சிரிச்சேன். பழைய காலத்து ஆளு, யாராவது சொல்லிக் கேட்டிருப்பாருன்னு நினைச்சேன்.

டீ குடிச்சிட்டு, வடக்குப் பக்கமா கரையிலயே நடந்தோம். பதினோரு மணி இருக்கும். நாணல் ஓரத்துல பெரியப்பா சட்டுன்னு நின்னுட்டார். எனக்கு ஒண்ணுமே தெரியல. தண்ணியில ரெண்டு சவுக்குக் கழி, அவ்வளவுதான்.

"மீன் வலை கட்டியிருக்காங்களா?"

"மீனு தண்ணிக்குள்ளதான இருக்கும்? வலை மேல இருக்கு பாரு."

அப்பத்தான் வெயில்ல ஒரு இழை மினுங்கிச்சு. ரெண்டு கழிக்கும் நடுவுல, தண்ணிக்கு மேல ஆளு உயரத்துல, கண்ணுக்கே தெரியாத நைலான் வலை. அதுல நாலஞ்சு சாம்பல் நிற இறகு ஒட்டிக்கிட்டு இருந்தது. பறவை எதுவும் இல்ல. ஏற்கெனவே எடுத்துட்டுப் போயிட்டாங்க போல.

நான் போட்டோ எடுத்து, லொக்கேஷன் சேவ் பண்ணி, "ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லணும்"னேன். பெரியப்பா, "சொல்லு. மொதல்ல அவுக்கலாம்"னு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கிட்டார். அவர் அவுத்த விதத்தைத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். முடிச்சு எங்க இருக்குன்னு தேடவே இல்ல. கை நேரா அங்க போச்சு. மேல் கயிறு, கீழ் கயிறு, கழி. ரெண்டு நிமிஷத்துல மொத்த வலையும் ஒரு பந்து மாதிரி அவர் கையில இருந்தது.

கரையேறி உட்கார்ந்து கால்ல ஒட்டின சேத்தை வழிச்சிக்கிட்டே சொன்னார். "சாயங்காலம் இருட்டுற நேரத்துக்கு ஏரியில இருந்து நெல்லு வயலுக்கு மேயப் போவும். தாழ்வாத்தான் எழும்பும். எந்தப் பக்கம் எழும்புதுன்னு ரெண்டு நாளு உக்காந்து பாத்தாப் போதும். அங்க கட்டிட்டா வந்து வந்து விழும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். கேக்கும்போதே தெரிஞ்சுபோச்சு.

மேடம் எங்ககிட்ட கேட்ட அதே கேள்விதான் அது.

பெரியப்பா மறைக்கல. எம்ஜிஆர் உயிரோட இருந்த காலம். இவருக்கு இருபது வயசு கூட ஆகல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கடல் கொந்தளிப்பா இருக்கும், கட்டுமரம் எடுக்க முடியாது, வீட்டுல சோறு இருக்காது. பாகூர் பக்கத்து சிநேகிதன் ஒருத்தனோட சேர்ந்து ஏரிக்கு வர ஆரம்பிச்சார். ராத்திரி வலை கட்டி, விடியறதுக்குள்ள கோணியில போட்டுக்கிட்டு நடந்தே போய், சாராயக்கடை பக்கத்துல வறுவல் போடுறவங்ககிட்ட விப்பாங்க. ஜோடி அஞ்சு ரூபா. கழுத்தைத் திருகித்தான் கோணியில போடணும், இல்லன்னா சத்தம் போடும். ஒரு கோணிக்கு நாப்பது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972ல. அதாவது அப்பவே அது குற்றம். "தெரியும்"னார். "தெரிஞ்சுதான் ராத்திரியில போனோம்." இப்ப ஊசுட்டேரி போர்டைப் பாத்தாலே அவருக்கு வயித்தைக் கலக்குமாம். அங்க பிடிச்சதே இல்ல, ஆனாலும். காலையில "கிட்டக்க இருக்கு"ன்னு சொன்னது அதனாலதான்.

எனக்குக் கோவம் வந்தது. எனக்கே ஆச்சரியமா இருந்தது, அவ்வளவு கோவம். காலையில இருந்து நான் ஒவ்வொண்ணா எண்ணி எண்ணி எழுதிக்கிட்டு இருந்ததை இவர் கழுத்தைத் திருகி மூட்டை கட்டியிருக்கார். "எப்படி பெரியப்பா மனசு வந்தது?"ன்னு கேட்டுட்டேன். சினிமா டயலாக் மாதிரி இருந்தது, ஆனா வேற வார்த்தை வரல.

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "உங்கப்பனுக்கு பாலிடெக்னிக்ல பீஸ் கட்டினது அந்த ரெண்டு மார்கழிதான்"னார். குத்திக் காட்டுற மாதிரி சொல்லல. கணக்கு சொல்ற மாதிரி சொன்னார்.

அப்பா அந்த பாலிடெக்னிக் டிப்ளமோவை வச்சுத்தான் வேலைக்குப் போனார். அந்த வேலையை வச்சுத்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தார். அதை வச்சுத்தான் நான் இங்க பைனாகுலர் மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "எப்ப விட்டீங்க? ஏன் விட்டீங்க?" மனசுக்குள்ள ஒரு ஆசை. ஏதாவது ஒரு பறவை இவரைப் பாத்திருக்கும், இவர் மனசு மாறியிருக்கும்னு. அவர் சொன்னார், "ஃபைபர் போட்டு வந்துச்சி, இஞ்சின் வந்துச்சி, கல்யாணம் ஆச்சி. அதுக்கப்புறம் வர வேண்டிய அவசியம் இல்ல. நான் திருந்திட்டேன்னு எதுவும் எழுதிடாத."

அதனால எழுதல.

மத்தியானம் கட்டிக்கிட்டு வந்த பொங்கச் சோறையும் கருவாட்டுக் குழம்பையும் சாப்பிட்டோம். ரொம்ப பேசல. நெடுங்கால் உள்ளான் எங்களுக்கு எதிர்ல சேத்துல நடந்து நடந்து குத்திக்கிட்டு இருந்தது. மீசை ஆலா தண்ணிக்கு மேல திரும்பித் திரும்பிப் பறந்தது. தகைவிலான் கரண்டுக் கம்பி முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். கோவமா இருந்தாலும் எண்ணலாம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

மூணு மணிவாக்குல பெரியப்பாவே ஆரம்பிச்சார். "உனக்கு அந்த வளையம் ஞாபகம் இருக்கா? உங்க பெரியம்மா சாவிக்கொத்துல."

இருந்தது. பேனா மூடிக்குள்ள போற அளவுக்குச் சின்ன அலுமினிய வளையம். நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது பெரியப்பா அதை என் கையில குடுத்து, "இதுல இன்னா போட்டிருக்கு, படி பாப்பா"ன்னு கேட்டார். நம்மதான் இங்கிலீஷ் மீடியமாச்சே. எழுத்துக்கூட்டி இன்ஃபார்ம், பாம்பேன்னு படிச்சேன். அப்புறம் ஏதோ நம்பர். "என்னா அர்த்தம்?"னு கேட்டார். தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்தது. "பாம்பே கம்பெனி பேரு பெரியப்பா"ன்னு சொல்லிட்டு விளையாட ஓடிட்டேன்.

அந்த வளையம் ஒரு சிறவி கால்ல இருந்ததாம்.

ஒரு விடியக்காலையில வலையில இருந்து எடுக்கும்போது கையில ஏதோ கெட்டியா தட்டிச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா கால்ல வளையம். "யாரோ வளக்குற வாத்து, தேடிகினு வருவாங்கன்னு பயந்துட்டேன்"னார். சிநேகிதன் பல்லால கடிச்சு வளையத்தை விரிச்சுக் கழட்டினான். பறவை மத்ததோட கோணிக்குள்ள போச்சு. அதுக்குன்னு தனி விலை எதுவும் இல்ல. வளையத்தை மட்டும் தூக்கிப்போட மனசு வரல. "கால்ல வளையம் போட்டவன் எவனோ ஒருத்தன் இருக்கான்ல. அவன் இன்னாத்துக்குப் போட்டான்னு தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சி. படிச்சவங்க யாருகிட்டயும் கேக்க முடியாது. எங்க கெடைச்சிதுன்னு கேப்பாங்க. அதான் உன்கிட்ட கேட்டேன்."

எட்டு வயசுப் பொண்ணு கேக்க மாட்டாள்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நான் அவருக்கு அங்கேயே கரையில உட்கார்ந்து சொன்னேன். பதிமூணு வருஷம் லேட். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்னு ஒரு அமைப்பு இருக்கு. சலீம் அலி இருந்த இடம். கோடிக்கரை, பரத்பூர் மாதிரி இடங்கள்ல அவங்க பறவையைப் பிடிச்சு, கால்ல நம்பர் போட்ட வளையத்தை மாட்டி, தேதியும் இடமும் எழுதி வச்சுக்கிட்டு, மறுபடி பறக்க விடுவாங்க. ஜிபிஎஸ் எல்லாம் இல்லாத காலம். அந்தப் பறவை எங்க போச்சுன்னு தெரியணும்னா, அதை மறுபடி யாராவது பாத்து நம்பரை எழுதி அனுப்பணும். 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்'. அதுதான் அதுல போட்டிருந்தது. பரத்பூர்ல வளையம் போட்ட வாத்து ரஷ்யாவுல கிடைச்சதெல்லாம் அப்படித் தெரிஞ்சதுதான்.

"யாரு அனுப்புவாங்க?"

இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். "வாத்தைப் பொறுத்தவரைக்கும் நிறைய தகவல் வேட்டைக்காரங்ககிட்ட இருந்துதான் வந்தது, பெரியப்பா. சுட்டவங்களும் வலை போட்டவங்களும் அனுப்பினதுதான்."

அவர் ரொம்ப நேரம் ஏரியையே பாத்துக்கிட்டு இருந்தார். "அப்ப அவன் காத்துகினு இருந்திருப்பான்"னார்.

வளையம் மாட்டினவனைச் சொல்றார்னு புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. பறவையைக் கொன்னதுக்கு அவர் வருத்தப்பட்டு நான் பாக்கல. ஆனா ஒரு ஆளு ஒரு கேள்வி கேட்டு நாப்பது வருஷமா பதில் சொல்லாம விட்டது அவரை உறுத்திச்சு. அது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் அதே உறுத்தல் இருந்தது. மூணாங்கிளாஸ்ல 'தெரியல'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, வலை இருந்த இடத்துக்கே மறுபடி போய் நின்னோம். கொக்குக் கூட்டமா கருவேல மரத்துல அடைய வந்தது. வெளிச்சம் போய்க்கிட்டே இருந்தது. கேமரா ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல, மூடி வச்சிட்டேன். பெரியப்பா "இப்ப"ன்னார். சிறவி எழும்பிச்சு. அவர் சொன்ன மாதிரியே தாழ்வா, அவர் சொன்ன திசையிலயே, அந்த ரெண்டு கழிக்கும் நடுவுல. இறக்கைச் சத்தம் தலைக்கு மேல சர்ருன்னு போச்சு. காத்து மூஞ்சியில அடிச்சுது. எல்லாம் வயல் பக்கம் போயி இருட்டுல கலந்துடுச்சு.

"எத்தனை?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டார். அப்புறம், "எம்பது இருக்கும்"னார்.

ரூமுக்கு வந்து அந்த எட்டு மணிப் போட்டோவைப் பெரிசு பண்ணி, ஒவ்வொரு பறவைக்கும் புள்ளி வச்சு, ரெண்டு தடவை எண்ணினேன். 171. எங்க மாடல் சொன்னது 96. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறைஞ்சிருந்தா அது ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்குது. பெரியப்பா ஒரே பார்வையில சொன்னது நூத்தி அறுபது, அதோட 'கொஞ்சம் கூடவே வரும்'. அன்னைக்கு மொத்தம் 41 இனம் பாத்தோம். லிஸ்ட்டை இ-பேர்ட்ல ஏத்திட்டேன். வலையோட போட்டோவையும் லொக்கேஷனையும் வனத்துறைக்கு அனுப்பிட்டேன்.

ரெண்டாவது ரிவ்யூவுல அதே மேடம் கேட்டாங்க, "இந்தக் கவுண்ட்டை யார் சரிபார்த்தது?" எங்க பெரியப்பான்னு சொன்னேன். "அவருக்கு இதுல அனுபவம் இருக்கா?" இருக்கு மேம்னு சொன்னேன். என்ன அனுபவம்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுபடியும் அதே மூணாங்கிளாஸ் வேலையைத்தான் பண்ணியிருக்கேன்னு தோணிச்சு.

அதனாலதான் இந்தக் கட்டுரை.

போன வாரம் ஊருக்குப் போனப்ப பெரியம்மா சாவிக்கொத்துல இருந்து வளையத்தைக் கழட்டிக் குடுத்தாங்க. ரொம்ப தேஞ்சிருக்கு. நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம் செல்போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியுது. மும்பைக்கு ஒரு மெயில் டைப் பண்ணினேன். வளையம் கிடைச்ச இடம்: பாகூர் ஏரி. மாசம்: மார்கழி, அதாவது டிசம்பர் இல்ல ஜனவரி. வருஷம்: பெரியப்பாவும் பெரியம்மாவும் அரை மணி நேரம் சண்டை போட்டு 1984ன்னு முடிவு பண்ணினாங்க. பறவை: சிறவி. எப்படிக் கிடைத்தது: வலையில். என்ன ஆனது: கொல்லப்பட்டது.

பிடிச்சவர் பேர்ன்ற இடத்துல விரல் நின்னுடுச்சு. "எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்னு போட்டுடவா பெரியப்பா? கேஸ் கீஸ் ஆயிடப் போவுது."

வலைக்கு முடிச்சு போட்டுக்கிட்டே நிமிர்ந்து பாத்தார். "நாப்பது வருசம் கழிச்சி பதில் சொல்றோம். அதுலயும் இன்னாத்துக்குப் பொய்யி? என் பேரையே போடு."

இங்க அவர் பேரைப் போடல. மெயில்ல போட்டுட்டேன். இனிஷியலோட.